வெல்லத்தில் கரையும் மீன்

மீன் கழிவையும் வெல்லத்தையும் எடைக்கு எடை கலந்து, மூன்று வாரம் மூடி வைத்து, வடித்தெடுக்கும் கரும்பழுப்புக் கரைசலுக்கு மீன் அமிலம் என்று பெயர். மீன் அமினோ அமிலம், மீன் கரைசல் என்றும் சொல்வார்கள். பஞ்சகவ்யம், அமுதக்கரைசல், முட்டைக் கரைசல் என்று இயற்கை விவசாயம் செய்வோர் வீட்டிலேயே தயாரித்துக்கொள்ளும் இடுபொருள்களில் இதுவும் ஒன்று. வயல்காரர்கள் பத்து லிட்டர் டேங்கில் ஊற்றித் தெளிக்கிறார்கள். மாடித்தோட்டம் போட்டவர்கள் பூவாளியில் கலந்து தொட்டிக்கு விடுகிறார்கள். செய்முறை ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. அதனாலேயே பலர் அந்த ஒரு வரியை மட்டும் கேட்டுக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். ஒரே மார்க்கெட்டில் வாங்கிய ஒரே மீன் கழிவு ஒரு வீட்டில் தேன்போல் இறங்குகிறது. அடுத்த வீட்டில் புழு நெளியும் குழம்பாகித் தெருவையே மூக்கைப் பிடிக்க வைக்கிறது. இந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பது மீன் அல்ல, வெல்லம்.

மீன் தன்னைத்தானே கரைத்துக்கொள்ளக் கூடியது. அதன் இரைப்பையிலும் குடலிலும் பெப்சின், டிரிப்சின் போன்ற நொதிகள் இருக்கின்றன. உயிரோடு இருக்கும்வரை அவை இரையை மட்டும் செரிக்கும். செத்ததும் கட்டுப்பாடு போய்விடும். குடல் சுவரையும் வயிற்றுச் சதையையும் அவையே அரிக்கத் தொடங்கும். ஐஸ் போடாத மத்தி மதியத்துக்குள் வயிறு வெடித்துக் குடல் வெளியே தள்ளிக் கிடப்பதை மீன் வாங்குபவர்கள் பார்த்திருப்பார்கள். பெருமளவு அது மீனின் சொந்த நொதிகள் செய்த வேலை. மீன் அமிலம் செய்பவருக்கு வேண்டியதும் இதே கரைதல்தான். புரதம் என்ற நீண்ட சங்கிலி முதலில் சிறு துண்டுகளாக அறுபடுகிறது, பிறகு அமினோ அமிலங்களாக உதிர்கிறது. சதை நீராக இறங்குகிறது. ஆகவே, அருவருப்பாக இருக்கிறதே என்று குடலை ஒதுக்கிவிட்டுத் தலையையும் வாலையும் மட்டும் வாளியில் போடுவது தவறு. நொதிகளில் பெரும்பங்கு குடலில்தான் இருக்கிறது.

கரைவது வேறு, அழுகுவது வேறு. மீனின் தோலிலும் செவுளிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் தடை இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் பெருகிவிடும். கடல் மீன்களின் சதையில் இயல்பாகவே உள்ள ஒரு பொருளை இவை டிரைமெத்தில்அமீனாக மாற்றுகின்றன. நாம் மீன் நாற்றம் என்று சொல்வது பெரும்பாலும் அதைத்தான். ஏரி, குளத்துக் கெண்டையில் அந்த மூலப்பொருள் மிகக் குறைவு. அதனால் அதன் வாடை வேறாக இருக்கிறது. சுறாவிலும் திருக்கையிலும் யூரியா நிறைய உண்டு. பழசானால் அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும். அழுகலில் அமினோ அமிலங்களும் சிதைந்து அமோனியாவாகப் போகின்றன. அமோனியாவில் இருப்பது நைட்ரஜன், அதாவது தழைச்சத்து. செடிக்குப் போய்ச் சேரவேண்டிய தழைச்சத்து அந்த நெடியோடு காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. நாற்றம் அதிகம் என்றால் சத்தும் அதிகம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; உண்மை அதற்கு நேர்மாறு.

வெல்லம் இங்கே இரண்டு வேலை செய்கிறது. மீனின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். ஒரு கிலோ கழிவில் ஒரு கிலோ வெல்லத்தைப் போட்டால் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி வெளியே இழுக்கப்பட்டுப் பாகாகிறது. பாகில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை. இவ்வளவு அடர்ந்த பாகில் அழுகல் பாக்டீரியாக்கள் தம் உடலில் உள்ள தண்ணீரையே இழந்து சுருங்கும். ஜாம் பாட்டில் கெடாமல் இருப்பதும் இதனால்தான். அதில் சர்க்கரை இன்னும் அதிகம், சுமார் 65 விழுக்காடு. கருவாட்டில் உப்பு செய்யும் வேலையும் இதுவே. ஆனால் உப்பு செடியின் வேரைக் கருக்கும், வெல்லம் கருக்காது. இரண்டாவது வேலை புளிப்பு. சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் இந்தப் பாகைப் பொறுத்துக்கொண்டு வளரும். இட்லி மாவை இரவோடு இரவாகப் பொங்க வைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவை இவை. சில நாளில் கரைசலின் பி.எச். அளவு 4 முதல் 4.5 வரை இறங்குகிறது. புளித்த தயிரின் புளிப்பு அது. அதற்குமேல் அழுகலுக்கு இடமில்லை. அமிலம் என்ற பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை.

மீனைக் கரைத்துப் பயிருக்கு விடுவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சுரபாலர் எழுதிய விருட்சாயுர்வேதம் என்ற சமஸ்கிருத நூல், குணபஜலம் என்ற கரைசலை விவரிக்கிறது. மீன், விலங்குகளின் இறைச்சி, கொழுப்பு, எலும்பு மச்சை ஆகியவற்றை நீரில் வேகவைத்து, எள்ளுப் பிண்ணாக்கு, உளுந்து, பால், தேன், நெய் ஆகியவற்றோடு மண்பானையில் ஊற வைப்பது அது. குணபம் என்றால் பிணம். எப்படி மணந்திருக்கும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் கிடந்த அந்நூலின் சுவடி, 1996இல் நளினி சாதலேயின் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்த பிறகே வேளாண் அறிஞர்களின் கவனத்துக்கு வந்தது.

மேற்குக் கரையில் கதை இன்னும் எளிமையானது. மலபாரிலும் தென் கன்னடத்திலும் மத்தி குவியலாகப் பிடிபடும் பருவத்தில், தின்று தீராததைக் கடற்கரை மணலில் காயவைத்துத் தென்னைக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் உரமாக அனுப்பினார்கள். மணலும் நாற்றமும் கலந்த அந்த உரத்துக்குப் பதிலாக, மத்தியை வேகவைத்துப் பிழிந்து எண்ணெயைத் தனியாகவும் சக்கையை உரமாகவும் எடுக்கும் சிறு தொழிற்கூடங்களை ஊக்குவித்தவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். 1907இல் சென்னை மாகாண மீன்வளத் துறை உருவாகக் காரணமாக இருந்த அதிகாரி அவர்.

இன்று தமிழ்நாட்டில் பரவியிருக்கும் வெல்ல முறை இவற்றிலிருந்து நேராக வந்ததல்ல. தென் கொரியாவில் சோ ஹான் கியூ வகுத்த இயற்கை வேளாண் முறையில் மீன் அமினோ அமிலம் ஒரு முக்கிய இடுபொருள். அங்கே கானாங்கெளுத்தி போன்ற நீலமுதுகு மீன்களையும் பழுப்புச் சர்க்கரையையும் மண்ஜாடியில் சம எடைக்குப் போட்டு, காற்றுப் புகும் தாளால் வாய்கட்டி வைப்பார்கள். பழுப்புச் சர்க்கரையின் இடத்தில் நாட்டு வெல்லம் வந்ததும் முறை தமிழ் மண்ணுக்குப் பொருந்திவிட்டது. வெயிலும் இங்கே துணைக்கு நிற்கிறது. நொதிகள் 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேகமாக வேலை செய்யும். 20 டிகிரிக்குக் கீழே போனால் சோம்பிவிடும். குளிர்நாட்டில் மாதக்கணக்கில் ஆவது சித்திரை மாதத்துச் செங்கல்பட்டில் 21 நாளில் முடிந்துவிடுகிறது.

மூலப்பொருளுக்குக் காசு கொடுக்கவேண்டிய அவசியம் இல்லை. எந்த மீன் மார்க்கெட்டிலும் அரிவாள்மனை போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களின் பக்கத்தில் ஒரு வாளி இருக்கும்: தலை, செவுள், குடல், துடுப்பு, வால், செதில். முதல் நாளே சொல்லி வைத்தால் தனியாக எடுத்து வைப்பார்கள். காலை எட்டு மணிக்குள் வாங்குவது நல்லது. மதியம் கடை கழுவும்போது வாங்கினால் அழுகல் அதற்குள் பாதி தூரம் போயிருக்கும். எவ்வளவு வெல்லம் போட்டாலும் பின்னால் இழுக்க முடியாது. கழிவு கிடைக்காத ஊரில் மத்தி, சூடை, காரப்பொடி என்று மலிவானவற்றை முழுதாக வாங்கிப் போடலாம். சத்து கழிவைவிடக் கூடுதலாகவே இருக்கும். கருவாட்டுத் தலை மட்டும் ஆகாது. அதிலுள்ள உப்பு தொட்டி மண்ணில் தங்கிவிடும். இறால் தோலைச் சிறிது சேர்க்கலாம், ஆனால் அதன் ஓடு லேசில் கரையாது.

வெல்லத்தில் கருத்தது, கசிந்தது, உருண்டை உடைந்தது என்று கடைக்காரர் ஒதுக்கி வைத்திருப்பதே போதும். பளிச்சென்ற மஞ்சள் வெல்லம் பெரும்பாலும் ரசாயனம் போட்டு வெளுத்தது. அதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. நாட்டுச் சர்க்கரையாக இருந்தால் தட்டும் வேலை மிச்சம்.

கழிவைக் கழுவாமல், இரண்டு விரல் அகலத் துண்டுகளாக நறுக்கவேண்டும். பெரிய தலையைப் பிளந்துவிடுவது அவசியம். இல்லாவிட்டால் உள்ளே பாகு போகாமல் அங்கேயே அழுகும். தராசில் வைத்து எடை பார்ப்பது இந்த வேலையின் மையம். கண்மட்டத்தில் போடும்போது வெல்லம்தான் எப்போதும் குறைகிறது, ஏனென்றால் காசு போவது அதற்கு மட்டும்தான். மீன் ஒரு கிலோ என்றால் தூளாக்கிய வெல்லமும் ஒரு கிலோ. பிளாஸ்டிக் வாளி, மண்பானை, அகலவாய்க் கண்ணாடி ஜாடி எதுவானாலும் சரி. இரும்பும் அலுமினியமும் புளிப்பில் அரிபடும். அடியில் ஒரு பிடி வெல்லம், அதன்மேல் மீன், மறுபடி வெல்லம் என்று அடுக்கிக் கையால் பிசைந்துவிட்டு, கடைசியில் மீன் கண்ணுக்குத் தெரியாதபடி இரண்டு விரல் கனத்துக்கு வெல்லத்தால் மூடவேண்டும். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கக் கூடாது. சேர்க்கிற ஒவ்வொரு குவளையும் பாகை நீர்க்கவைத்து அழுகலுக்குக் கதவு திறக்கும். பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக இருக்கட்டும்.

சிலர் கனிந்த பப்பாளியோ வாழைப்பழமோ பிசைந்து சேர்ப்பதுண்டு. பப்பாளியில், குறிப்பாகக் காயில், பப்பைன் என்ற புரதம் கரைக்கும் நொதி இருப்பதால் அதில் அர்த்தம் இருக்கிறது. வாழைப்பழம் சர்க்கரைக்குச் சர்க்கரை, அவ்வளவுதான். ஒரு கரண்டி புளித்த மோர் விடுவது இட்லி மாவுக்குப் பழைய மாவு சேர்ப்பதைப் போல. புளிப்பு ஒரு நாள் முன்னதாகத் தொடங்கும்.

மூடியை இறுக்கித் திருகிவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் சுவரெல்லாம் மீன் தெறித்திருக்கக் கண்டதுண்டு. புளிக்கும்போது கரியமில வாயு வந்துகொண்டே இருக்கும். அது வெளியேற வேண்டும்; ஈ உள்ளே போகக் கூடாது. நெருக்கமாக நெய்த பருத்தித் துணியை இரண்டாக மடித்துக் கயிற்றால் இறுகக் கட்டி, மேலே மூடியைச் சும்மா வைத்து, அதன்மேல் ஒரு செங்கல்லை ஏற்றினால் இரண்டும் நடக்கும். செங்கல் பூனைக்காக. வெயில் படாத, மழை விழாத மூலையில், படுக்கையறை ஜன்னலுக்கு நேராக இல்லாமல் வைப்பது நலம்.

இரண்டாம் நாளே வெல்லம் உருகித் துண்டுகள் பாகில் மிதக்கும். மூன்றாம் நாள் முதல் ஒரு வாரம் வரை நுரைக்கும். வாடையில் மீன் தூக்கலாக இருக்கும். பத்தாம் நாளுக்கு மேல் கள்ளையும் பழைய பலாச்சுளையையும் நினைவூட்டும் புளிப்பு வாசனை மேலே வரத் தொடங்கும். நுரை அடங்கி, சதை முழுதும் கரைந்து, முள்ளும் செதிலும் மட்டும் குச்சியில் தட்டுப்படும்போது பதம் வந்துவிட்டது. அது 21ஆம் நாளாகவும் இருக்கலாம், மார்கழியில் 40ஆம் நாளாகவும் இருக்கலாம்; நாள்காட்டியைவிட மூக்கை நம்பலாம். சந்தேகம் இருந்தால் ரசாயனக் கடையில் கிடைக்கும் பி.எச். தாளை நனைத்துப் பார்க்கலாம். 4.5 அல்லது அதற்குக் கீழே காட்டினால் சரி.

இடையில் புழு வைத்தாலும் முட்டை நாற்றம் வந்தாலும் உடனே கொட்டிவிட வேண்டியதில்லை. முதல் வாரமாக இருந்தால், இருக்கும் எடையில் நான்கில் ஒரு பங்கு வெல்லத்தைக் கூடப் போட்டு நன்றாகக் கிளறி மூடினால் பெரும்பாலும் திரும்பிவிடும். மேலே வெள்ளைப் பூசணம் படர்ந்தால் கிளறி அமுக்கிவிடலாம். பச்சை, கறுப்புப் பூசணமும் சாக்கடை நாற்றமும் சேர்ந்து வந்தால் மீட்கும் முயற்சி வீண். ஆழக் குழி தோண்டிப் புதைப்பதே வழி.

பதம் வந்ததைக் கொசுவலைத் துணியில் வடிகட்டவேண்டும். மத்தியில் செய்தது என்றால் மேலே எண்ணெய் மிதக்கும். அதைக் கரண்டியால் வழித்துவிடுவது முக்கியம், இலையில் படிந்த எண்ணெய் வெயிலில் இலையைக் கருக்கும். ஒரு கிலோ கழிவுக்கும் ஒரு கிலோ வெல்லத்துக்கும் ஒரு லிட்டருக்கு மேல் கரைசல் கிடைக்கும். மூடியை லேசாகத் தளர்த்தி நிழலில் வைத்தால் ஆறு மாதம் தாங்கும்.

இனி, இது எவ்வளவு பெரிய உரம் என்ற கேள்வி. மீன் அமிலத்தைப் பற்றிய பேச்சில் அதிகம் மிகைப்படுவது இந்த இடம்தான். ஒரு கிலோ மீன் கழிவில் 150 கிராம் புரதம் என்று வைத்துக்கொண்டால், புரத எடையில் 16 விழுக்காடு நைட்ரஜன் என்ற கணக்கில் 24 கிராம் தழைச்சத்து. அதோடு ஒரு கிலோ வெல்லம் சேர்வதால் கலவையில் அது சுமார் 1.2 விழுக்காடாக இறங்குகிறது. பத்து லிட்டர் டேங்குக்கு 100 மில்லி ஊற்றினால் டேங்கில் இருப்பது ஒன்றரை கிராம் தழைச்சத்து. அதே டேங்கில் இரண்டு விழுக்காடு யூரியா கரைசல் என்றால் 92 கிராம். ஆகவே யூரியாவுக்கு மாற்று என்று மீன் அமிலத்தைச் சொல்வது கணக்குக்கு ஒத்துவராது. ஆனாலும், தெளித்த நான்கைந்து நாளில் இலை பச்சை கட்டுவதைப் பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. சிறு அமினோ அமிலங்களில் கொஞ்சத்தை இலையே நேராக உறிஞ்சிக்கொள்ளும். மண்ணில் விழுந்தது நுண்ணுயிர்களுக்கு வெல்லமும் புரதமும் கலந்த விருந்தாகி, அவை பெருகி, மண்ணில் ஏற்கெனவே உள்ள சத்தை வேருக்கு விடுவிக்கும். அதற்கு மண்ணில் சத்து இருக்கவேண்டும். மட்கிய எருவோ மண்புழு உரமோ பிண்ணாக்கோ போட்ட தொட்டியில் மீன் அமிலம் நன்றாகத் தெரியும். வெறும் தென்னைநார்க் கழிவு நிரப்பிய பையில் இதை மட்டும் நம்பினால் கத்தரி கட்டைவிரல் தடிமனைத் தாண்டாது. கடைகளில் மீன் குழம்பு உரம் என்று வரும் அமெரிக்கச் சரக்கில் 5-1-1 (தழை, மணி, சாம்பல்சத்து விழுக்காடு) என்ற எண்களைப் பார்த்துவிட்டு வீட்டுக் கரைசலிலும் அவ்வளவு இருப்பதாக எண்ணக் கூடாது. அது ஆலையில் சுண்டவைத்தது, அதில் வெல்லம் இல்லை.

இலைவழியாகக் கொடுக்க ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும்; நன்கு வளர்ந்த செடிக்கு 10 மில்லி வரை போகலாம். நாற்றுக்கு அதில் பாதி. வேருக்கு விட லிட்டருக்கு 10 மில்லி கலந்து தொட்டிக்கு ஒரு டம்ளர். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வெயில் தாழ்ந்த பிறகு. அளவு கூடினால் நுனி கருகும். கருகாவிட்டாலும் இளந்தளிர் கொழுத்து அசுவினியைக் கூப்பிடும். தழைச்சத்து மிஞ்சிய தக்காளியும் வெண்டையும் இலையாக வளர்ந்துகொண்டே போகும், பூப்பதைத் தள்ளிப்போடும். ஆகவே மொட்டு வைக்கும்வரை மீன் அமிலம், அதன்பின் நிறுத்திவிட்டுச் சாம்பல்சத்து பக்கம் திரும்புவது அனுபவசாலிகளின் வழக்கம். கீரைக்குத்தான் இது மிகப் பொருத்தம். ஆனால் கீரையில் கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் பத்து நாளாவது இடைவெளி வேண்டும், அறுத்ததை நன்றாகக் கழுவவும் வேண்டும். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, புதினாவின் இலையில் தெளிக்காமல் வேரில் மட்டும் விடுவது பாதுகாப்பு. மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் தெளிக்கும் வேலையை வேறொருவரிடம் விட்டுவிடலாம். தெளித்து முடிந்ததும் டேங்கையும் நாசிலையும் கழுவாமல் வைத்தால் மறுநாள் எறும்பு மொய்த்து அடைத்துக்கொள்ளும்.

வடிகட்டியபின் துணியில் தங்கும் முள்ளும் செதிலும் வீணல்ல. எலும்பில் உள்ள சுண்ணாம்பும் மணிச்சத்தும் இந்தப் புளிப்பில் அதிகம் கரைவதில்லை, அப்படியே தங்கியிருக்கும். அரைப்பங்கு வெல்லம் சேர்த்து இன்னொரு முறை ஊறவைத்து வீரியம் குறைந்த இரண்டாம் வடி எடுப்பவர்கள் உண்டு. அதன்பிறகு மிஞ்சுவதைத் தென்னைக்கோ முருங்கைக்கோ தண்டிலிருந்து இரண்டடி தள்ளிப் புதைக்கலாம். குழி முழங்கால் ஆழம் இருக்கவேண்டும். அதற்குக் குறைந்தால் இரவில் தெருநாய் தோண்டி எடுத்து வாசலில் போட்டுவிட்டுப் போகும்.